இருபத்தைந்து வாக்கியம், ஒரே தாள்: எஸ்.டி.க்யூ. பற்றி ஒரு பயனரின் விமர்சனம்

குழந்தைகளின் மனநலத்துக்காகத் தொண்டு நிறுவனம் தொடங்கினால் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். ஒரு பக்கம் பதிவு, வங்கிக் கணக்கு, நிர்வாகக் குழு என்று அலைச்சல் நடக்கும். இன்னொரு பக்கம், நிதி தர முன்வருகிறவர் "பேஸ்லைன் எடுத்துவிட்டீர்களா?" என்பார். அதாவது, நீங்கள் வேலையைத் தொடங்கும் முன் குழந்தைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு எண் வேண்டும். அந்த நேரத்தில் யாரிடம் கேட்டாலும் கைகாட்டுவது எஸ்.டி.க்யூ. என்ற வினாத்தாளைத்தான். நாங்களும் அதைத்தான் எடுத்தோம், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். நான் கணக்கு எழுதும் வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஆள். உளவியல் பார்ப்பதற்கு எங்களோடு ஒருவர் இருக்கிறார். அதனால் இது ஒரு கணக்குப்பிள்ளையின் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பெயர் 'பலங்களும் சிரமங்களும் வினாத்தாள்' (Strengths and Difficulties Questionnaire). பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்டது. குழந்தையைப் பற்றி 25 சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை. மனவருத்தம், நடத்தை, துறுதுறுப்பும் கவனக்குறைவும், சக பிள்ளைகளோடு சிக்கல், பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து வாக்கியம். முதல் நான்கு பிரிவுகளையும் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு மொத்த மதிப்பெண் வரும். உதவும் குணம் அந்தக் கூட்டலில் சேராது, தனியாக நிற்கும். பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒரு தாள், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்ப ஒரு தாள். எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது, தமிழும் உண்டு. லாப நோக்கமில்லாதவர்கள் அச்சடித்துப் பயன்படுத்தக் காசு இல்லை.

சுருக்கமாக இருப்பதுதான் இதன் முதல் பலம். வேலை முடிந்து களைத்து வரும் ஒரு தாய் எரிச்சல்படாமல் நிரப்பி முடிக்கக்கூடிய நீளம். இன்னொரு பலம், தாள் முழுக்கக் குறைகளாகவே அடுக்கவில்லை. "சின்னக் குழந்தைகளிடம் அன்பாக இருக்கும்" என்ற மாதிரி வாக்கியங்களும் நடுநடுவே வருகின்றன. பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல வரவழைத்திருக்கிறார்கள் என்ற கூச்சத்தோடு உட்காரும் பெற்றோர் அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்வார்கள். இதை வடிவமைத்தவர் பெற்றோரோடு உட்கார்ந்து பேசிப் பழகியவர் என்பது தெரிகிறது.

சரி, இனி சிக்கல்கள்.

வசதி குறைந்த பகுதிகளில் இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போனால் சில வாக்கியங்கள் தடுமாறும். விளையாட்டுப் பொருள், பென்சில் மாதிரியானவற்றை மற்ற பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளுமா என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒரு தாய் எங்கள் தன்னார்வலரிடம், "பங்கு போட ஏதாவது இருந்தாத்தானே டீச்சர் தெரியும்?" என்று கேட்டார். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? இன்னொன்று, சக பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாக ஒத்துப்போகுமா என்பது. இதற்கு 'ஆம்' என்றால் சக பிள்ளைகளோடு சிக்கல் என்ற பிரிவில் மதிப்பெண் ஏறும். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்துக்கொண்டு, நாள் முழுக்கப் பெரியவர்களோடு வேலை செய்யும் பத்து வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன பதில் வரும்? அவளுக்கு விளையாடத் தோழிகள் இல்லை என்பது உண்மையான பிரச்சினைதான். ஆனால் அது அவள் மனசுக்குள் இருக்கும் பிரச்சினை மாதிரி தாளில் பதிவாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது கீழ்ப்படிதல் பற்றிய வாக்கியம். பெரியவர்கள் சொன்னதைப் பொதுவாகக் கேட்டு நடக்குமா என்பதற்கு 'நிச்சயமாக உண்மை' என்றால் நடத்தைப் பிரிவில் பூஜ்யம், அதாவது பிரச்சினை இல்லை. வீட்டில் அடி விழும் பயத்தில் மூச்சுவிடாமல் உட்காரும் குழந்தைக்கும் அதே பூஜ்யம்தான். எங்களிடம் வந்த ஒரு பையனின் ஆசிரியர் அந்தக் கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் போட்டு, பக்கத்தில் "தங்கமான பையன்" என்று எழுதியும் வைத்திருந்தார். அந்தப் பையன் பேசவே ஆறேழு முறை சந்திக்க வேண்டியிருந்தது. மனவருத்தப் பிரிவில் பயம், கவலை, அடிக்கடி தலைவலி வயிற்றுவலி என்று நல்ல வாக்கியங்கள் இருக்கின்றன, அவை இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பிடிக்கத்தான். ஆனால் அறுபது பேர் உட்காரும் வகுப்பில், சத்தம் போடாத ஒருவனுக்கு வயிறு வலிக்கிறதா என்று யார் கவனிப்பது?

ஆசிரியர் தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு வகுப்பு முழுவதற்கும் தாளைக் கொடுத்து "நாளைக்குத் தாருங்கள்" என்றால் என்ன நடக்கும் என்பது பள்ளிக்கூடம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கட்டுக்கட்டாகத் திரும்பி வரும் தாள்களில் சில, நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே நேர்கோடாக டிக் போட்டதாக இருக்கும். பழக்கதோஷத்தில் அப்படி ஒரு தாளை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 'ஓரளவு உண்மை' என்பதற்கு எல்லா இடத்திலும் 1. நான்கு பிரிவு, இருபது வாக்கியம், மொத்தம் 20. மதிப்பெண்களை நான்கு பட்டைகளாகப் பிரிக்கும் அதிகாரபூர்வப் பட்டியலில் 20 எங்கே விழுகிறது என்று பார்த்தால், பெற்றோர் தாளாக இருந்தாலும் ஆசிரியர் தாளாக இருந்தாலும் பிள்ளை தானே நிரப்பியதாக இருந்தாலும் ஆக உயர்ந்த பட்டையில்! அதாவது, ஆசிரியர் திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளை 'மிக அதிகம்' என்ற வரிசையில் போய் உட்காருகிறது. இடது ஓரத்தில் 'உண்மையில்லை' என்று நேர்கோடு போட்டால் மொத்தம் 10, எல்லாம் சுகம். வலது ஓரம் என்றால் 30. காரணம், அந்த இருபதில் ஐந்து வாக்கியங்கள் தலைகீழாக எண்ணப்படுபவை. கீழ்ப்படிவது, ஒரு நல்ல நண்பராவது இருப்பது, மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்தவராக இருப்பது, யோசித்துச் செய்வது, எடுத்ததை முடிப்பது ஆகிய ஐந்தும் நல்ல குணங்கள் என்பதால், 'உண்மையில்லை' என்றால் 2, 'நிச்சயமாக உண்மை' என்றால் 0 என்று மதிப்பெண் மாறி விழும்.

இந்த ஐந்தும் நமக்கு ஒரு விதத்தில் காவல். வலது ஓரமாக நேர்கோடு போட்டவர், பையன் பொய் சொல்வான் சண்டை போடுவான் என்றும், சொன்ன பேச்சைத் தட்டமாட்டான் எல்லோருக்கும் பிடித்தவன் என்றும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். அப்படி வரும் தாள்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசி மறுபடி நிரப்புகிறோம். எக்செல்லில் ஏற்றுகிறவர்கள் இந்த ஐந்தையும் திருப்பிப் போட மறந்தால் மொத்தக் கணக்கும் நாசம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, பட்டைகள். பெற்றோர் தாளில் 0–13 வரை சராசரிக்கு அருகில், 14–16 சற்றே அதிகம், 17–19 அதிகம், 20 முதல் 40 வரை மிக அதிகம். முன்பு இதே இடத்தில் 'இயல்பு', 'எல்லைக்கோடு', 'இயல்புக்கு மாறு' என்ற பெயர்கள் இருந்தன. புதிய பெயர்கள் எவ்வளவோ மேல், பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். ஆனால் இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன? பிரிட்டிஷ் குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் முதல் பட்டையில் விழும்படி, மீதி மேல் பட்டைகளில் பிரியும்படி வகுத்தவை. அந்த எண்ணை அப்படியே இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்கு 2012இல் அன்னா குட்மேனும், ராபர்ட் குட்மேன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள். பங்களாதேஷ், பிரேசில், பிரிட்டன், இந்தியா, நார்வே, ரஷ்யா, யேமன் ஆகிய ஏழு நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், வினாத்தாள் மதிப்பெண்ணில் நாட்டுக்கு நாடு தெரியும் வித்தியாசம் உண்மையான பாதிப்பின் வித்தியாசத்தோடு பொருந்திவரவில்லை. உண்டாக்கியவரே நேர்மையாகச் சொன்ன பிறகும், "எங்கள் பகுதியில் இத்தனை சதவீதம் குழந்தைகள் மனநோயாளிகள்" என்று எஸ்.டி.க்யூ.வை வைத்து அறிக்கை எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. பணம் திரட்டும் அவசரம் புரிகிறது. இருந்தாலும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள்மேல் முத்திரை குத்துவதற்கு இந்தத் தாள் உண்டாக்கப்படவில்லை.

பாதிப்புள்ள பிள்ளைகளில் எத்தனை பேரை இந்தத் தாள் பிடிக்கும், எத்தனை பேரை விடும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 5 முதல் 15 வயதுவரை 7,984 பிரிட்டிஷ் குழந்தைகளிடம் பார்த்து 2000இல் வெளியான ஆய்வில், பெற்றோர், ஆசிரியர், பெரிய பிள்ளைகள் மூவருடைய தாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையில் பாதிப்பு உள்ளவர்களில் 63 சதவீதத்தினரை அது கண்டுபிடித்தது. பாதிப்பு இல்லாதவர்களில் கிட்டத்தட்ட 95 சதவீதத்தினரைச் சரியாகவே விட்டுவிட்டது. நடத்தைக் கோளாறு, கவனக்குறைவு, மனச்சோர்வு மாதிரியானவற்றில் பத்துக்கு ஏழுக்கு மேல் பிடிக்கிறது. குறிப்பிட்ட ஒன்றின்மேல் மட்டும் வரும் பயம், தாயைப் பிரியும் பதற்றம், உணவுச் சிக்கல்கள் ஆகியவற்றில் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. இவ்வளவு சின்ன வினாத்தாளுக்கு இது நல்ல மதிப்பெண்தான். ஆனால் தாளில் 'சராசரி' என்று வந்த பிள்ளையைப் பற்றி ஆசிரியரோ பாட்டியோ கவலையோடு வந்து சொன்னால், தாளைத் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்பதுதான் இதன் பொருள்.

முக்கியமான இன்னொரு இடைவெளி: தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, உயிரை விடத் தோன்றுவது பற்றி இந்தத் தாளில் ஒரு கேள்விகூட இல்லை. வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் அதற்குத் தனி வழி வைத்திருக்க வேண்டும். யார் கேட்பது, எப்படிக் கேட்பது, 'ஆம்' என்று பதில் வந்தால் அன்று மாலைக்குள் யாரிடம் அழைத்துப் போவது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டியவை. எஸ்.டி.க்யூ. எடுத்துவிட்டோமே, அதில் வந்திருக்குமே என்று இருந்துவிடக் கூடாது.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் இதை விடவில்லை? பின்பக்கத்துக்காக. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தரவிறக்கும்போது ஒரு பக்கத் தாள், இரண்டு பக்கத் தாள் என இரண்டு வகை இருக்கும். அவசரத்தில் எல்லோரும் ஒரு பக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் பக்கம்தான் உயிர். மொத்தத்தில் உங்கள் பிள்ளைக்கு மனநிலையிலோ கவனத்திலோ நடத்தையிலோ பிறரோடு பழகுவதிலோ சிரமம் இருப்பதாக நினைக்கிறீர்களா என்று அது நேராகக் கேட்கிறது. ஆம் என்றால், எவ்வளவு காலமாக, அது பிள்ளைக்கு வேதனை தருகிறதா, வீட்டு வாழ்க்கை, நட்பு, படிப்பு, விளையாட்டு இவற்றில் எதைக் கெடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் இந்தச் சிரமம் உங்களுக்கோ குடும்பத்துக்கோ சுமையாக இருக்கிறதா என்று முடிக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பேச்சு வரும். அதுவரை 'ஆமாம்', 'இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு அம்மா, அதைப் படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பிள்ளையைச் சுமைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு சொன்னார், அரை மணி நேரம். முன்பக்கத்தில் அந்தப் பையனுக்கு வந்திருந்தது 12, பட்டியலின்படி சராசரிதான். பின்பக்கத்தைப் பார்த்தால் இரவில் தூக்கமில்லை, பள்ளிக்கு அனுப்புவது தினமும் ஒரு போர், தாய்க்கு வேலைக்குப் போக முடியவில்லை. யாரை முதலில் சந்திப்பது என்ற வரிசையை நாங்கள் இப்போது பின்பக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால் இந்தப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கிறவர் குரலில் அவசரம் தெரிந்தால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

தொடர் தாள் என்று இன்னொரு வகையும் உண்டு. முதல் தாள் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கும், தொடர் தாள் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும், கூடவே உங்கள் சேவை உதவியதா என்றும் கேட்கும். நிதி கொடுத்தவருக்கு இதுதான் வேண்டும்: முன்பு 22, இப்போது 17, ஆக வெற்றி! இங்கேதான் என் பழைய தொழில் குறுக்கே வருகிறது. மிக மோசமான நிலையில் இருக்கும்போது ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சில மாதத்தில் அந்த மதிப்பெண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உச்சத்தில் அளந்தது நடுவை நோக்கி வருவது எண்களின் இயல்பு. இதைக் கழித்துவிட்டுப் பார்ப்பதற்கென்றே எஸ்.டி.க்யூ.காரர்கள் 'கூடுதல் மதிப்பு' என்று ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் பிரிட்டிஷ் குழந்தைகளின் தரவிலிருந்து வந்ததுதான், ஆனாலும் இருப்பதை வைத்து எச்சரிக்கையாகப் பயன்படுத்தலாம். ஒரு நிதியாளரிடம் இதை விளக்கிச் சொன்னேன். "மற்ற அமைப்புகள் எல்லாம் நேராகக் குறைந்த எண்ணைத்தான் தருகிறார்கள்" என்றார். தருவார்கள்தான்.

உரிமைக் கட்டுப்பாடுகள் பற்றியும் ஒரு முணுமுணுப்பு. தாளில் அச்சடித்தால் இலவசம். ஆனால் அனுமதி இல்லாமல் கூகுள் படிவமாகவோ கைபேசிச் செயலியாகவோ மாற்றக் கூடாது, வாக்கியங்களைத் திருத்தக் கூடாது, நாமே மொழிபெயர்க்கவும் கூடாது. திருத்தக் கூடாது என்பது நியாயம். ஆளாளுக்கு மாற்றினால் ஒப்பிடவே முடியாது. மின்வடிவத் தடைதான் சிறு அமைப்புகளுக்குக் கஷ்டம். தாள் தாளாக உட்கார்ந்து கணினியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. தாள் என்றால் பத்திரப்படுத்தும் பொறுப்பும் கூடவே வரும். பிள்ளையின் பெயர் தாளில் இருக்கக் கூடாது, எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறு பெட்டியில், வேறு பூட்டில். "திருடும்", "பொய் சொல்லும்" என்றெல்லாம் டிக் போட்ட தாள் பள்ளி மேசையில் திறந்து கிடந்தால் அந்தப் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மாற்று வேண்டுமென்றால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து வந்த பி.எஸ்.சி. (Pediatric Symptom Checklist) என்ற வினாத்தாள் இருக்கிறது. 35 கேள்வி, 17 கேள்வி என இரு அளவுகளில் வரும், அதுவும் இலவசம். ஆனால் எல்லாமே குறைகள் பற்றிய வரிகள், அன்பு, உதவி என்று எதுவும் கிடையாது. பெற்றோர் முகத்தை நேரில் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் ஆழமாக வேண்டுமென்றால் ஆர்.சி.ஏ.டி.எஸ். (Revised Children's Anxiety and Depression Scale) வினாத்தாளைப் பார்க்கலாம். 47 கேள்வி என்பதால் முதல் சந்திப்புக்கு நீளம்.

எஸ்.டி.க்யூ.வுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. ஒரு பக்கத் தாளை மட்டும் எடுப்பதாக இருந்தால் இரண்டரை. கண்டுபிடித்த பிள்ளைகளோடு உட்கார ஆள் தயாராகும்வரை இதை அச்சடிக்கவே வேண்டாம் என்பேன். பிள்ளையின் குறைகளையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போய், திரும்பி வராத அமைப்பை அந்தத் தெரு மறக்காது. மனநல மருத்துவர் கிடைக்காத பகுதியாக இருந்தால், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023இல் வெளியிட்ட 'ஈஸ்' (EASE) கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மனவருத்தத்தில் இருக்கும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஏழு குழு அமர்வு, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மூன்று அமர்வு. பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் இருந்தால் நிபுணர் அல்லாதவர்களும் நடத்தலாம். இதற்கும் காசு இல்லை. நடத்துகிறவர்களின் சம்பளத்துக்கும் மேற்பார்வையாளரின் நேரத்துக்கும்தான் நிதி தேட வேண்டியிருக்கும், விண்ணப்பத்தில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.